மாலை போடாத மாப்பிள்ளை

மகள் தன் புருஷனை என் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள்.

"யம்மா, குலசை தசரா முடியட்டும். மாலை கழத்துற நாளைக் குடிக்காமத் தாண்டிட்டாவன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன். தாண்டலன்னா, நானும் பிள்ளையளும் தனியாவே இருந்துக்கிடுதோம்."

எங்கள் பக்கத்தில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்ட ஆண்கள் குடிக்க மாட்டார்கள். குடித்தால் அம்மன் கண்ணைக் குத்திவிடுவாள். திருவிழா முடிந்து மாலையையும் கைக்காப்பையும் கழற்றிய அன்று அம்மன் அசந்து தூங்கிவிடுவாள் போலிருக்கிறது. விரதம் இருந்த அத்தனை நாளுக்கும் சேர்த்து அன்று ஒரே நாளில் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். போன வருஷம் என் மருமகன் வேண்டுதலுக்குப் போலீஸ் வேடம் போட்டு வீடுவீடாக அம்மனுக்குக் காணிக்கை எடுத்தார். மாலை கழற்றிய அன்று அதே காக்கி உடுப்போடு திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தார். பார்த்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் அதை வேடம் என்றே நினைக்கவில்லையாம்.

அவருக்கு வீடுகளுக்குக் கரண்டு வயர் இழுக்கிற வேலை. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டில் முதல் விளக்கு எரிந்த அன்றைக்கு வீட்டுக்காரர் வயர்மேனுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டும். திருநெல்வேலியில் வயலெல்லாம் வீடாக ஆக, அவருக்கு வேலையும் கூடியது, மற்றதும் கூடியது. போலீஸ் வேடத்துக்குப் பிறகுதான் மகள் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு குடிநோய் மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். குடி நின்றது. கூடவே பேச்சு நின்றது, உறக்கம் நின்றது, சிரிப்பும் நின்றது. வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். டாக்டர் இதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதினார். இது குடிக்குக் கூடப்பிறந்த நோய், இதைக் கவனிக்காமல் விட்டால் இதன் கையைப் பிடித்துக்கொண்டு அது திரும்ப வந்துவிடும் என்றார். டவுனில் தெருவுக்குத் தெரு கூட்டாளி. அதனால்தான் ஏரலில் என் வீடு.

இதில் ஒரு சங்கடம். நான் மருமகனிடம் பேச மாட்டேன். சண்டை ஒன்றும் கிடையாது. எனக்கு ஆம்பிளைகள் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதிலும் சொந்தத்தில் இல்லாமல் அசலில் சம்பந்தம் செய்த மருமகன். கல்யாணமான நாள் முதல் அவர் முன்கட்டில் என்றால் நான் கதவுக்குப் பின்னால். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் நான் வளர்க்கிற வெள்ளாட்டிடம் சொல்வேன்.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குக் காப்பி ஆறிப்போகுதுன்னு சொல்லு."

அவர் வந்து காப்பியை எடுத்துக்கொள்வார். ஆடு பாட்டுக்கு அசைபோடும். குடியை விட்டவருக்குக் காவல் இருக்க ஆள் தேடிய என் மகள், அவர் முகத்தையே பார்க்காத ஒருத்தியைத் தேடிப் பிடித்தாள்.

மையத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மகள் அதை அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவள், எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன். குடியை விட்டவரைப் பசியோடு விடாதீர்கள், தனியே விடாதீர்கள், களைப்படைய விடாதீர்கள், கோபப்பட விடாதீர்கள். இவ்வளவுதானே, இதற்கா அத்தனை பேர் படித்துப் பட்டம் வாங்கினார்கள் என்று நினைத்தேன்.

பசிக்க விடவில்லை. இட்லிக்குப் பிறகு பணியாரம், பணியாரத்துக்குப் பிறகு உளுந்தங்களி, களி இறங்குவதற்குள் சோறு, சோறு செரிப்பதற்குள் முறுக்கும் கருப்பட்டிக் காப்பியும். "போதும்" என்று அவர் ஆட்டைப் பார்த்துச் சொல்வார். ஆடு என்னிடம் வந்து சொல்லாததால் நான் இன்னும் இரண்டு வைத்துவிடுவேன்.

தனியே விடவில்லை. அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு மேய்க்கிற சாக்கில் பின்னாலேயே போவேன். ஆம்பிளைகள் குளிக்கிற துறைப்பக்கம் புல் கிடையாது, மணல்தான். ஆடு மணலைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். நான் தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

களைப்படையவும் விடவில்லை. அடுக்களை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறப்போனார். எனக்குப் பதறிவிட்டது. "ஏட்டி, மாப்பிள்ளை களைச்சுப்போவாவ. இறங்கச் சொல்லுட்டி." இறங்கிவிட்டார். வயர்மேன் இருக்கிற வீட்டில் விளக்கு மின்மினிப்பூச்சியாக மினுங்கிக்கொண்டு கிடந்தது.

மூன்றையும் இப்படிக் கட்டிக் காத்ததில் நாலாவது தானாக வந்துவிட்டது. சட்டைப் பொத்தான் வயிற்றில் பூட்டாத ஒரு நாள், பணியாரத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏ ஆடே, நான் சொல்லுததக் கேளு. குடிச்சுச் செத்தவன் நெறையப் பேரப் பாத்திருக்கேன். பணியாரம் தின்னுச் சாகப்போற மொதல் ஆளு நான்தான். உங்கம்மாகிட்டச் சொல்லி வையி."

அதுவரை அவர் ஆட்டிடம் இத்தனை பேச்சு பேசினதில்லை. எனக்குக் கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்தும் வெளியே வந்துவிட்டது. அது காதில் விழுந்து அவரும் சிரித்துவிட்டார். நல்ல சத்தமாக, வயிறு குலுங்க.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலிருந்து என் மதினி, அதாவது என் அண்ணன் பெண்டாட்டி, கையில் பாதி அரிந்த கத்தரிக்காயோடு ஓடிவந்தாள்.

"ஏட்டி, என்ன ஆம்பிளச் சிரிப்புச் சத்தம் கேக்குது? ஊத்திட்டாவளா?"

"இல்ல மதினி."

"குடிக்கலன்னா பெறகு எதுக்குச் சிரிக்காவ?"

அவள் மூக்கை முன்கட்டுவரை நீட்டி ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் மதினி வேறு மாதிரிச் சொல்வாள்: "மூஞ்சி தொங்குதே, குடிக்கப் போறதுக்குத்தான் இப்படி இருக்காவ." சிரித்தால் குடித்தாயிற்று, சிரிக்காவிட்டால் குடிக்கப்போகிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் வேண்டும். அது ஆற்றங்கரை அரசமரத்துப் பிள்ளையாருக்குத்தான் உண்டு. அவரும் பணியாரத்தை வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

மாத்திரை விஷயம் மதினிக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் சுகர் மாத்திரை என்று சொல்லியிருந்தேன். சுகர் என்றால் எங்கள் தெருவில் ஒரு மரியாதை உண்டு, வசதியானவர்களுக்கு வருகிற நோய். ஆனால் மதினி அட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் மருந்துக்கடையில் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"மனசுக்காமே இது? மனசுக்கு என்னட்டி மாத்திரை? ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா? என் தங்கச்சி கொழுந்தனும் இப்படித்தான் மொகட்டப் பாத்துக்கிட்டுக் கெடந்தான். கோழி அடிச்சுச் சாறு வச்சுக் குடுத்தோம். எந்திச்சு வேலைக்குப் போயிட்டான்."

இதை அவள் குரலைத் தாழ்த்திப் பைய ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பையப் பேசத் தெரியாது. முன்கட்டில் இருந்தவர் காதில் ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. அன்றிலிருந்து அவர் மாத்திரையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவதைப் பார்த்தேன். வெட்கப்பட்டு மறைவில் போய்ப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு தசரா வந்தது. தெருவில் கொட்டுச் சத்தம், எங்கே பார்த்தாலும் சிவப்புத் துண்டு, கழுத்தில் மாலை. மதினியின் மகனுக்குக் காளி வேடம். கடை வைத்திருக்கிற அண்ணாச்சி என்னைப் பார்த்த இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, ஒங்க மாப்பிள்ளைக்கு ஒரு மாலையப் போட்டு விடுங்க. அதவிட்டுட்டு ஆஸ்பத்திரி, மாத்திரைன்னு... மாலை கெடந்தா ஒரு பய குடிக்கக் கூப்பிட மாட்டான்."

அவர் சொன்னதில் பாதி மெய். எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளை "நான் குடிக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டுமானால் அதற்குச் சாமி கையெழுத்து வேண்டும். டாக்டர் கையெழுத்து செல்லாது. பெண்டாட்டி கண்ணீர் அறவே செல்லாது. ஐயப்பனுக்கு மாலை, முருகனுக்கு மாலை, குலசை முத்தாரம்மனுக்கு மாலை என்று வருஷம் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டே குடியிலிருந்து தப்பித்த கெட்டிக்காரரும் இருக்கிறார். அவர் கழுத்தில் மாலை இல்லாத நாள் வெகு கொஞ்சம். அந்தக் கொஞ்ச நாளில்தான் அவர் வீட்டுப் பாத்திரமெல்லாம் நெளிந்திருக்கும்.

எனக்கும் ஆசைதான். "ஏட்டி, மாலை போட்டுக்கிடுதாவளான்னு கேளு," என்றேன்.

ஆட்டின் கழுத்துக் கயிற்றை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அவர் ஆட்டிடம் சொன்னார்: "மாலைன்னா கழத்துற நாளுன்னு ஒண்ணு உண்டு. அந்த நாள எண்ணி எண்ணித்தான் போன வருசம் குடிக்காம இருந்தேன். இந்தத் தடவை எண்ண வேண்டாம்னு பாக்குதேன்."

அதனால் மாலை போடவில்லை. அதன் பலன் என்னவென்றால், வருஷமெல்லாம் குடிக்கிற ஆட்கள் மாலையோடு சாமியாக நடந்தார்கள். உள்ளபடியே குடியை விட்ட ஒரு மனுஷர் வெறுங்கழுத்தோடு திரிந்தார். "மாலை போடலியாமே? அப்ப உள்ள போகுதுபோல" என்று தெரு பேசியது.

மாலை கழற்றுகிற நாள் வந்தது. தெருவே குலசைக்குப் போய்விட்டது. மதியத்துக்குமேல் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. காலையில் வைத்த இட்லி அப்படியே இருந்தது, சோறும் அப்படியே இருந்தது. அவர் கொல்லையில் ஆட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கைகளை ஒன்றோடொன்று பிசைந்துகொண்டிருந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஏ ஆடே," என்றார். "அத்தைகிட்டச் சொல்லு. எனக்கு இன்னைக்குக் குடிக்கணும்போல இருக்கு."

கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

"காலையில முழிச்சதுலேர்ந்து அதே நெனப்புதான். மாத்திரையும் போடல. ஊரு பேசுததக் கேட்டுட்டு முருங்கை மரத்து மூட்டுல போட்டுட்டு வந்துட்டேன், எத்தனையோ நாளாச்சு. உறக்கம் இல்ல. இப்ப எவனாவது வந்து கூப்பிட்டா நான் போயிருவேன். அதச் சொல்லிரு."

மையத்துத் தாளை அண்ணாந்து பார்த்தேன். விளக்கு மினுங்கியதில் ஒரு வரியும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தாலும் இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அவர் கையைப் பிடித்து உட்கார்த்தி வைக்க வேண்டும் போல இருந்தது. அதற்கு நான் வேறொருத்தியாகப் பிறந்திருக்க வேண்டும்.

"ஏட்டி," என்றேன், "இப்ப என்ன செய்யணும்னு மாப்பிள்ளைட்டக் கேளு."

"தெரியல. எதையாவது பேசிக்கிட்டே இருக்கச் சொல்லு. புத்திமதி மட்டும் வேண்டாம்."

பேசினேன். எனக்கு என்ன பேச்சு தெரியும்? கீரையில் இருந்த புழுவைப் பற்றிப் பேசினேன். மதினிக்கு மூட்டுவலி வந்து, வந்த வலி ஊரார் வாயில் எப்படிச் சுற்றியது என்று பேசினேன். அவர் மாமனார், என் வீட்டுக்காரர், செத்துப்போன பிறகு எனக்கும் கொஞ்ச காலம் எழுந்திருக்கவே பிடிக்காமல் கிடந்ததையும், தலைசீவ வேண்டும் என்று நினைப்பதற்குள் பொழுது அடைந்துவிடும் என்பதையும் பேசினேன். எனக்குக் கோழிச்சாறுகூட யாரும் வைத்துத் தரவில்லை என்றேன். அதற்கு அவர் மூக்கால் லேசாகச் சிரித்தார். ஆடு நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தலைமுறைக்கும் கேட்காத பேச்செல்லாம் அன்றைக்கு அது கேட்டுவிட்டது.

அப்போதுதான் குலசைக்குப் போன கூட்டம் வேனில் திரும்பி வந்தது. ஹாரன், கூச்சல், தெருவெல்லாம் சிரிப்பு. யாரோ வாசற்கதவைத் தட்டினார்கள்.

"அண்ணே! மாலை கழத்தியாச்சு! வாங்க, ஆத்துப்பக்கம் போவோம்!"

மதினியின் மகன். கொல்லையில் மருமகன் எழுந்து நின்றுவிட்டார். போவதற்கா, நிற்பதற்கா, அவருக்கே தெரியவில்லை. நான் அடுக்களையிலிருந்து முன்கட்டைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தேன். எதிரே காளி நிற்கிறாள். பாதி முகம் கழுவிக் கறுப்பு, பாதி முகம் கழுவாமல் நீலம். சிவப்பு நாக்கைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் கண்ணாடிச் சத்தம். பின்னால் வேனில் ஒரு அனுமாரும் இரண்டு குறத்திகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யத்தை, அண்ணன எங்க? வரச் சொல்லுங்க. மாலையும் போடல, சும்மாத்தான இருக்காவ."

அவருக்கு மனசு சரியில்லை என்று சொன்னால், அதற்குத்தானே மருந்து வைத்திருக்கிறோம் என்று பையைக் காட்டுவான். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னால் வேனே சிரிக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கு வயித்தால போகுது."

காளியின் முகம் மாறிவிட்டது.

"ஐயையோ! எப்பத்துலேர்ந்து யத்தை?"

"காலையிலேர்ந்து."

"தண்ணியா?"

"தண்ணிதான்."

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் கக்கூஸ் கதவு படாரென்று சாத்துகிற சத்தமும், வாளியோடு தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது. மருமகன் எனக்குச் சாட்சி சொல்கிறார் என்று புரிந்தது. காளி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏலே, சத்தம் போடாதீங்கலே! அண்ணனுக்கு முடியல!" என்று வேனைப் பார்த்துக் கத்தினான். அனுமார் ஹாரனில் இருந்து கையை எடுத்தார். வேனை உறும விடாமல் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் மதினி மாதுளம்பழத் தோலோடு வந்தாள். அண்ணாச்சி ஜவ்வரிசியும் உப்பு சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்துவிட்டார். ஒருத்தரும் "வயிற்றுக்கு எதுக்கு மருந்து, எல்லாம் நெனப்புதான்" என்று சொல்லவில்லை. ஒருத்தரும் மோந்து பார்க்கவில்லை, மோந்து பார்க்கிற வியாதியும் இல்லை அது. மனசு கெட்டுக் கிடந்தவரை எட்டிப் பார்க்காத தெரு, வராத வயிற்றுப்போக்குக்கு வரிசையாக வந்து நின்றது.

பொழுது அடைகிற நேரத்துக்கு மகள் போன் செய்தாள்.

"யம்மா, குடிச்சாவளா?"

"இல்லட்டி."

"நெசமாச் சொல்லு."

"குடிக்கல. குடிக்கணும்போல இருக்குன்னு சொன்னாவ."

மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லம்மா. வாயி மணத்த பெறகுதான் எனக்குத் தெரியும்."

மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வா, நானும் லீவு போட்டுவிட்டு அங்கே வந்துவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் அவர் முன்னால், நான் நாலு சீட் தள்ளிப் பின்னால். டாக்டர் பொறுமையான மனுஷர். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, எத்தனை நாள் போடாமல் இருந்தீர்கள், உறக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடிக்க வேண்டும் என்று தோன்றியபோது என்ன செய்தீர்கள் என்றார்.

"சொன்னேன் டாக்டர்."

"நல்லது. யாரிடம் சொன்னீர்கள்?"

மருமகன் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகள்தான் பதில் சொன்னாள்: "ஆட்டுக்கிட்ட டாக்டர்."

டாக்டர் பேனாவை எடுத்து அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். என்னவென்று எழுதினாரோ, இன்றுவரை தெரியாது. மாத்திரையைப் பழையபடி தொடங்கச் சொன்னார், அளவை மாற்றினார், அடுத்த வாரம் மகளையும் சேர்த்து வரச் சொன்னார். இந்த ஒரு நாள் தாண்டியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், நடுவில் சறுக்கினாலும் ஒளிக்காமல் நேராக இங்கே வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மகள் அவரிடம், "வீட்டுக்குப் போவமா?" என்றாள். தெருக்கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். டவுன் பஸ் வந்தது. ஏறுகிறபோது, "அத்தைக்கு ஏரல் பஸ் எங்கன நிக்கும்னு காட்டிட்டு வா" என்று மகளிடம் சொன்னார். நான் அந்தப் பஸ் நிற்கிற இடத்தில்தான் அப்போது நின்றுகொண்டிருந்தேன். ஆடு இல்லாததால், போயிட்டு வாறேன் என்பதை வேறு வழி தெரியாமல் இப்படிச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏரலில் இறங்கி நடந்தபோது அண்ணாச்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யக்கா, மாப்பிள்ளைக்கு நின்னுட்டா?"

"நின்னிருக்கு அண்ணாச்சி. இன்னைக்கு நின்னிருக்கு."

"நின்னுட்டுன்னு நம்பிராதீங்க. இது திரும்ப வரும் கேட்டேளா? ரெண்டு நாள் சும்மா இருக்கும், மனுசன் நல்லாயிட்டுன்னு நெனச்சுக் கண்டதுல வாய வைப்பான், பெறகு முந்தினதவிடப் போட்டுத் தள்ளிரும். மருந்தப் பாதியில நிப்பாட்டக் கூடாது. கண்ட கூட்டத்தோட போயி உக்காரக் கூடாது. வயித்தக் கலக்குதமாதிரி இருந்தா வெக்கப்படாம வீட்டுல சொல்லிரணும்."

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மகளுக்குப் போன் போட்டு, அண்ணாச்சி வயிற்றுப்போக்குக்குச் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.